ஒரே பெயர், இரு வேறு நஞ்சு
தென்னமெரிக்கக் கிலுகிலுப்பைப் பாம்பும் அதன் பெயரைத் திருத்திய அறிவியலும்

கோஸ்டா ரிக்காவின் வறண்ட மேற்குப் பகுதியில் ஒரு விவசாயியைக் கிலுகிலுப்பைப் பாம்பு கடித்துவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். சிறிது நேரத்தில் கால் வீங்குகிறது. வலி தாங்க முடியவில்லை. கடித்த இடத்தைச் சுற்றித் தோலுக்கு அடியில் ரத்தம் கசிகிறது. அந்த இடத்துத் தசை அழுகத் தொடங்கும் அபாயமும் உண்டு.

அதே நாளில் பல ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி, பிரேசிலின் மினாஸ் ஜெரைஸ் மாநிலத்தில் இன்னொரு விவசாயியைக் கிலுகிலுப்பைப் பாம்பு கடிக்கிறது. அவருடைய கால் அவ்வளவாக வீங்கவில்லை. வலியும் பெரிதாக இல்லை, கடித்த இடம் மரத்துப்போனது போல் இருக்கிறது. ஆனால் சில மணி நேரத்தில் கண் இமைகள் தாமாகச் சரிகின்றன. எதிரில் நிற்பவர் இரண்டு பேராகத் தெரிகிறார். உடம்பெல்லாம் வலிக்கிறது. சிறுநீர் கறுத்த தேநீர் நிறத்தில் போகிறது.

முப்பது ஆண்டுகளுக்கு முன்பு இது நடந்திருந்தால், இருவரின் மருத்துவக் குறிப்பிலும் பாம்பின் அறிவியல் பெயர் ஒன்றாகவே இருந்திருக்கும்: குரோட்டாலஸ் டுரிசஸ்.

உயிரியல் பாடத்தில் 'வகைப்பாடு' என்றாலே பலருக்குக் கொட்டாவி வரும். வாயில் நுழையாத லத்தீன் பெயர்களைத் தேர்வுக்கு மனப்பாடம் செய்து, தேர்வு முடிந்ததும் மறந்துவிடுவோம். ஒரு பெயர் எப்போது உயிர் காக்கும், எப்போது குழப்பும் என்பதை அறிய இந்தப் பாம்பின் கதை நல்ல எடுத்துக்காட்டு.

வாலில் மணி கட்டிய பாம்பு

கிலுகிலுப்பைப் பாம்புகள் அமெரிக்கக் கண்டங்களில் மட்டுமே வாழ்பவை. ஏறத்தாழ 50 சிற்றினங்கள் உள்ளன. அவற்றில் பெரும்பாலானவை மெக்சிகோவிலும் அமெரிக்காவின் தென்மேற்கு மாநிலங்களிலும் இருக்கின்றன. தென்னமெரிக்கக் கண்டத்திற்குள் போய் வெற்றிகரமாகப் பரவிய கிளை ஒன்றே ஒன்றுதான். அதுதான் நம் கதாநாயகன், குரோட்டாலஸ் டுரிசஸ்.

இது பொதுவாக ஒரு மீட்டருக்கு மேல் வளரும் பருத்த பாம்பு. முதுகில் வைர வடிவப் புள்ளிகள் வரிசையாக இருக்கும். கழுத்தின் மேல் இரண்டு கருமையான கோடுகள் ஓடும். எலி போன்ற கொறிக்கும் விலங்குகளே முக்கிய உணவு. முட்டையிடாமல் குட்டி போடும் பாம்பு இது.

வாலின் நுனியில் உள்ள கிலுகிலுப்பை, நம் நகத்தில் இருக்கும் அதே கெரட்டின் என்னும் பொருளால் ஆனது. உள்ளே மணியோ கல்லோ கிடையாது. ஒன்றுக்குள் ஒன்று தளர்வாகக் கோத்த வளையங்கள் மோதிக்கொள்வதால்தான் சத்தம் வருகிறது. பாம்பு ஒவ்வொரு முறை சட்டை உரிக்கும்போதும் ஒரு புதிய வளையம் சேரும். ஒரே ஆண்டில் பலமுறை சட்டை உரிக்கலாம், பழைய வளையங்கள் உடைந்தும் விழலாம். ஆகவே, வளையத்தை எண்ணிப் பாம்பின் வயதைச் சொல்லிவிடலாம் என்பது வெறும் கட்டுக்கதை.

பிரேசிலில் இந்தப் பாம்பைக் 'கஸ்கவேல்' என்பார்கள். ஸ்பானிய மொழி பேசும் நாடுகளில் 'கஸ்கபேல்'. இரண்டுக்கும் சின்ன மணி, சலங்கை என்று பொருள். பிரேசிலின் நாட்டுப்புறக் கலைஞர்கள் சிலர் இதன் கிலுகிலுப்பையைத் தங்கள் 'வியோலா' நரம்பிசைக் கருவிக்குள் போட்டு வைக்கும் வழக்கம் உண்டு. இசை இனிமையாகும், கெட்டதும் அண்டாது என்பது நம்பிக்கை.

கண்ணுக்கும் மூக்குத் துளைக்கும் நடுவில் இருபுறமும் ஒரு சிறு குழி இருக்கும். எலியின் உடற்சூட்டை இருட்டிலும் உணரும் உறுப்பு அது. இந்தக் குழி உள்ள விரியன்களைக் குழிவிரியன்கள் என்கிறோம். நம் வட்டாரத்திலும் குழிவிரியன்கள் உண்டு. பினாங்குப் பாம்புக் கோயிலுக்குப் போனவர்கள் அங்கே மரக்கிளைகளில் அசையாமல் கிடக்கும் பச்சை நிறப் பாம்பைப் பார்த்திருப்பார்கள். அது கிலுகிலுப்பைப் பாம்புக்குத் தூரத்து உறவு.

லின்னேயஸ் வைத்த பெயர்

ஸ்வீடன் நாட்டு அறிஞர் கார்ல் லின்னேயஸ், 1758ஆம் ஆண்டில் வெளியான தமது நூலின் பத்தாம் பதிப்பில் இந்தப் பாம்புக்குப் பெயர் சூட்டினார். விலங்குகளுக்கு இரு சொல்லால் பெயரிடும் முறை அந்தப் பதிப்பிலிருந்துதான் கணக்கிடப்படுகிறது. முதற்சொல் பேரினத்தைக் குறிக்கும். இரண்டாம் சொல் அதற்குள் இருக்கும் சிற்றினத்தைக் குறிக்கும். 'குரோட்டாலஸ்' என்பது கிலுகிலுப்பையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது.

லின்னேயஸ் தென்னமெரிக்காவுக்குப் போனதில்லை. ஐரோப்பாவுக்கு வந்து சேர்ந்த மாதிரிகளையும் பிறர் எழுதிய குறிப்புகளையும் வைத்துத்தான் எழுதினார். பாம்பின் தாயகம் எது என்ற இடத்தில் 'அமெரிக்கா' என்று மட்டும் குறிப்பிட்டார். அமெரிக்கா என்றால் எந்த அமெரிக்கா? அந்த ஒரு சொல் விட்டுச் சென்ற குழப்பம் இருநூறு ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது.

பின்னால் வந்தவர்கள் மெக்சிகோவிலிருந்து அர்ஜெண்டினா வரை இருந்த ஒத்த தோற்றமுடைய பாம்புகளை எல்லாம் இந்த ஒரே பெயரின்கீழ் சேர்த்தார்கள். வட்டாரத்துக்கு வட்டாரம் நிறமும் கோடுகளும் மாறியதால், பத்துக்கும் மேற்பட்ட துணைச் சிற்றினங்களாகப் பிரித்தார்கள். துணைச் சிற்றினத்துக்கு மூன்றாவதாக ஒரு சொல் சேரும். பிரேசிலின் தெற்கிலும் அதை அடுத்த நாடுகளிலும் வாழ்வது 'குரோட்டாலஸ் டுரிசஸ் டெரிஃபிக்கஸ்'. வடகிழக்குப் பிரேசிலின் வறண்ட புதர்க்காட்டில் வாழும் 'கஸ்கவெல்லா'வை 1824இல் விவரித்தவர் ஜெர்மானியரான வாக்லர். பினாங்குக் கோயிலின் பச்சைப் பாம்பும் அவருடைய பெயரைத்தான் தாங்கி நிற்கிறது. அதை 'வாக்லர் குழிவிரியன்' என்பார்கள்.

2004ஆம் ஆண்டில் அமெரிக்க ஆய்வாளர்கள் கேம்பெல், லாமர் இருவரும் மேற்கு அரைக்கோளத்து நச்சுப் பாம்புகளைப் பற்றிய பெரிய நூல் ஒன்றை வெளியிட்டனர். அதில் இந்தக் கூட்டத்தை அவர்கள் பிரித்தார்கள். மத்திய அமெரிக்கப் பாம்புகளுக்குக் 'குரோட்டாலஸ் சைமஸ்' என்ற பெயர் மீண்டும் வந்தது. 'டுரிசஸ்' என்ற பெயர் தென்னமெரிக்கப் பாம்புகளுக்கு மட்டும் ஒதுக்கப்பட்டது.

இங்கேதான் ஒரு சிக்கல். அதற்கு முந்தைய நூல்களில் 'குரோட்டாலஸ் டுரிசஸ் டுரிசஸ்' என்றால் மத்திய அமெரிக்கப் பாம்பு. இன்றைய நூல்களில் அதே மூன்று சொற்கள், தென்னமெரிக்காவின் வடகிழக்கில் உள்ள கயானா பகுதியில் வாழும் பாம்பைக் குறிக்கின்றன. பெயர் அப்படியே இருக்க, பாம்பு மாறிவிட்டது. நூலகத்தில் பழைய ஆய்வுக் கட்டுரை ஒன்றை எடுத்துப் படிக்கும் மாணவர், அது வெளிவந்த ஆண்டையும் பாம்பு பிடிபட்ட ஊரையும் பார்க்காவிட்டால் ஒரு பாம்பின் நஞ்சை இன்னொரு பாம்பின் கணக்கில் எழுதிவிடக்கூடும்.

மரபணு சொன்ன பயணக் கதை

பெயர் மாற்றம் வெறும் கருத்து வேறுபாடா, அல்லது அதற்கு ஆதாரம் உண்டா? 2005ஆம் ஆண்டில் வேல்ஸின் பாங்கர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வுல்ஃப்காங் வூஸ்டரும் அவருடைய சக ஆய்வாளர்களும் இதற்கு விடை தந்தனர். வட்டாரம் வட்டாரமாகப் பாம்புகளின் மைட்டோகாண்டிரியா மரபணுக்களை அவர்கள் ஒப்பிட்டார்கள். தாய்வழியாக மட்டுமே கடத்தப்படும் மரபணு அது. இரு கூட்டங்களுக்கு இடையே வேறுபாடு அதிகமாக இருந்தால், அவை பிரிந்து நெடுங்காலம் ஆகிவிட்டது என்று பொருள்.

மிகப் பழைய கிளைகள் மெக்சிகோவிலும் மத்திய அமெரிக்காவிலும் இருந்தன. தெற்கே போகப் போகக் கிளைகள் இளமையாகிக்கொண்டே வந்தன. அதாவது, இந்தப் பாம்புகள் வடக்கிலிருந்து புறப்பட்டு, பனாமா நிலப்பாலத்தைத் தாண்டி, படிப்படியாகத் தெற்கே போயிருக்கின்றன.

இதில் ஒரு புதிர் இருந்தது. குரோட்டாலஸ் டுரிசஸ் வறண்ட, திறந்தவெளிப் பாம்பு. அடர்ந்த மழைக்காடு அதற்கு ஒத்துவராது. ஆனால் இன்று அமேசான் காட்டுக்கு வடக்கே வெனிசுவேலா, கயானா பகுதிகளிலும் அது இருக்கிறது, தெற்கே பிரேசில், பொலிவியா, பராகுவே, அர்ஜெண்டினாவிலும் இருக்கிறது. நடுவில் கிடக்கும் மாபெரும் மழைக்காட்டை அது எப்படித் தாண்டியது?

வடக்கு, தெற்குப் பாம்புகளின் மரபணு வேறுபாட்டைக் கணக்கிட்டால், அவை பிரிந்து சுமார் பத்து லட்சம் ஆண்டுகள் ஆகின்றன. அந்தக் காலகட்டத்தில் அமேசான் காடு இன்று போல் ஒரே தொடர்ச்சியாக இல்லாமல், இடையிடையே புல்வெளிகள் இருந்திருக்க வேண்டும் என்பது வூஸ்டர் குழுவின் வாதம். ஒரு பாம்பின் வகைப்பாட்டை ஆராயப் போனவர்கள் ஒரு காட்டின் பழைய வரலாற்றைப் பற்றியும் பேச முடிந்தது.

அதே ஆய்வு எதிர்த்திசையிலும் ஒரு திருத்தம் செய்தது. அருபா தீவில் வாழும் வெளிறிய சிறு கிலுகிலுப்பைப் பாம்பையும், வெனிசுவேலாவின் சிறிய உருவம் கொண்ட இன்னொரு பாம்பையும் பலர் தனிச் சிற்றினங்களாகக் கருதிவந்தனர். மரபணுவோ அவை டுரிசஸ் கூட்டத்துக்குள்ளேயே அடங்குவதாகக் காட்டியது. தோற்றத்தில் ஒத்தவை உறவில் தள்ளியும், தோற்றத்தில் தள்ளியவை உறவில் நெருங்கியும் இருக்கலாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. அருபாப் பாம்பு இன்று அழிவின் விளிம்பில் இருக்கிறது. அதைத் தனிச் சிற்றினம் என்பதா, துணைச் சிற்றினம் என்பதா என்ற விவாதம் எப்படி முடிந்தாலும், அந்தத் தீவை விட்டால் அதற்கு வேறு வீடு கிடையாது.

வலி குறைந்த கடி, பெரிய ஆபத்து

இப்போது பிரேசில் விவசாயியிடம் திரும்புவோம். பிரேசிலில் பாம்புக்கடிகளில் பெரும்பாலானவை 'ஜராராக்கா' வகைக் குழிவிரியன்களால் ஏற்படுபவை. கிலுகிலுப்பைப் பாம்பின் பங்கு பத்தில் ஒன்று அளவுக்குத்தான் வரும். ஆனால் கடிக்கு எத்தனை மரணம் என்று பார்த்தால் கிலுகிலுப்பைப் பாம்பு முன்னுக்கு வந்துவிடும்.

ஜராராக்கா கடித்தால் கால் வீங்கிக் கடுமையாக வலிக்கும், உடனே மருத்துவமனைக்கு ஓடுவார்கள். கிலுகிலுப்பைப் பாம்பு கடித்த இடத்தில் பார்க்கப் பெரிதாக ஒன்றும் தெரியாது. 'ஒன்றும் இல்லை' என்று வீட்டில் இருந்துவிட்டால் பொன்னான நேரம் கைவிட்டுப் போகும்.

அதற்குள் நஞ்சு மூன்று வேலைகளைச் செய்யத் தொடங்கியிருக்கும். முதலாவது, நரம்புக்கும் தசைக்கும் இடையே தொடர்பைத் துண்டிப்பது. முகத் தசைகள் முதலில் தளரும். இமை சரியும், பார்வை இரட்டையாகும். கழுத்துத் தசை தளர்ந்தால் தலை நிமிராது. பாம்பு கழுத்தை முறித்துவிட்டது போன்ற தோற்றம் அதனால் ஏற்படும். கடுமையான நிலையில் மூச்சு விடும் தசைகளும் சோர்ந்துபோகும்.

இரண்டாவது, உடல் முழுவதும் தசை இழைகளைச் சிதைப்பது. சிதைந்த தசையிலிருந்து மயோகுளோபின் என்னும் புரதம் ரத்தத்தில் கலக்கிறது. சிறுநீர் கறுப்பது அதனால்தான். சிறுநீரகம் திடீரென்று செயலிழப்பதே இந்தக் கடியால் நேரும் மரணங்களுக்கு முக்கியக் காரணம்.

மூன்றாவது, ரத்தம் உறையும் திறனைக் கெடுப்பது. கைரோக்சின் எனப்படும் நொதி, ரத்தத்தில் உள்ள ஃபைப்ரினோஜென் என்ற உறைபொருளைத் தின்று தீர்த்துவிடுகிறது.

இரண்டு புரதங்களின் கூட்டணி

முதல் இரண்டு வேலைகளுக்கும் பொறுப்பு குரோடாக்சின். டெரிஃபிக்கஸ் நஞ்சில் ஏறக்குறைய பாதியோ அதற்கும் மேலோ இதுதான். நாஜிகள் ஆட்சிக்கு வந்தபின் ஜெர்மனியை விட்டு வெளியேறிய வேதியியலாளர் கார்ல் ஸ்லோட்டா, பிரேசிலின் சாவ் பாவ்லோ நகரிலுள்ள புட்டன்டான் ஆய்வுக்கழகத்தில் சேர்ந்தார். அவரும் அவருடைய மைத்துனர் ஹைன்ஸ் ஃபிராங்கெல் கான்ராட்டும் 1938இல் குரோடாக்சினைப் படிகமாகப் பிரித்தெடுத்தனர். பாம்பு நஞ்சிலிருந்து படிகமாக எடுக்கப்பட்ட முதல் நச்சுப் புரதம் அது. பின்னாளில் ஆய்வாளர்கள் அதைப் பிரித்துப் பார்த்தபோது, அது ஒன்றல்ல, இரண்டு பகுதிகளின் கூட்டு என்று தெரியவந்தது.

ஒரு பகுதி அமிலத் தன்மை கொண்டது. தனியாகச் செலுத்தினால் அதற்கு நச்சே இல்லை. மற்றொன்று காரத் தன்மை கொண்ட நொதி. அதற்கு நச்சு உண்டு, ஆனால் தனியாகச் செலுத்தினால் வீரியம் குறைவு. இரண்டும் சேர்ந்தால் மட்டுமே கொடிய நஞ்சு.

இது எப்படி? நொதி தனியே போனால் வழியில் கண்ட இடத்தில் எல்லாம் ஒட்டிக்கொண்டு வீணாகிவிடுகிறது. அமிலப் பகுதி அதைக் கையைப் பிடித்து அழைத்துப் போகும் துணையாள் போல, வேறெங்கும் ஒட்டாமல் நரம்பு முனை வரை கொண்டு சேர்க்கிறது. அங்கே சேர்ந்ததும் துணையாள் விலகிக்கொள்கிறது. நொதி நரம்பு முனையைத் தாக்குகிறது. தசையைச் சுருங்கச் சொல்லும் அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள் அதன்பின் வெளிவருவதில்லை.

இதனால் சிகிச்சையில் நேரம் மிக முக்கியமாகிறது. ரத்தத்தில் சுற்றிக்கொண்டிருக்கும் குரோடாக்சினை நச்சுமுறி மருந்து பிடித்துக் கட்டிவிடும். ஆனால் ஏற்கெனவே சேதமான நரம்பு முனையை மருந்தால் சரிசெய்ய முடியாது. அது தானாகத் தேற வேண்டும்.

நஞ்சு ஊருக்கு ஊர் மாறவும் செய்யும். குரோட்டமின் என்று இன்னொரு சிறு புரதம் உண்டு, 42 அமினோ அமிலங்களே கொண்டது. பிரேசிலில் சில வட்டாரப் பாம்புகளின் நஞ்சில் அது இருக்கும், சில வட்டாரங்களில் இருக்காது. பாம்பின் தோற்றத்தை வைத்து இதைச் சொல்ல முடியாது. அதனால்தான் மருந்து தயாரிக்கும்போது பல பகுதிப் பாம்புகளின் நஞ்சைக் கலந்து பயன்படுத்துகிறார்கள்.

குட்டியிடம் இருந்த விடை

மத்திய அமெரிக்காவின் சைமஸ் பாம்புக்கு நெருங்கிய உறவான டுரிசஸுக்கு ஏன் இவ்வளவு வேறுபட்ட நஞ்சு? கோஸ்டா ரிக்காவின் குளோடோமிரோ பிக்காடோ ஆய்வுக்கழகத்தினர் சைமஸ் குட்டிகளின் நஞ்சைச் சோதித்தபோது ஒரு வியப்பு காத்திருந்தது. வளர்ந்த சைமஸின் நஞ்சு திசுவை அழித்து ரத்தக்கசிவை உண்டாக்குவது. பிறந்த குட்டியின் நஞ்சோ தென்னமெரிக்கப் பாம்பைப் போல நரம்பைத் தாக்கும் குரோடாக்சின் வகையாக இருந்தது.

சைமஸ் வளர வளர நஞ்சை மாற்றிக்கொள்கிறது. டுரிசஸ் அந்த மாற்றத்தைச் செய்யாமல், குட்டிப் பருவத்து நஞ்சையே வாழ்நாள் முழுவதும் வைத்துக்கொண்டது. இளமைப் பண்பு முதிர்ந்த பின்னும் தொடர்வது பரிணாமத்தில் அறியப்பட்ட ஒரு வழிமுறைதான். ஸ்பானிய, கோஸ்டா ரிக்க ஆய்வாளர்கள் 2010இல் வெளியிட்ட நஞ்சுப் பகுப்பாய்வு, தெற்கு நோக்கிய பயணத்தோடு இந்தப் போக்கும் சேர்ந்து வளர்ந்ததாகச் சொன்னது.

இதன் விளைவு மருத்துவமனைப் படுக்கை வரை நீள்கிறது. வளர்ந்த மத்திய அமெரிக்கப் பாம்பின் நஞ்சை வைத்துத் தயாரித்த நச்சுமுறி மருந்து, தென்னமெரிக்கப் பாம்பின் நரம்பு நஞ்சுக்கு எதிராகச் சரிவர வேலை செய்வதில்லை. தென்னமெரிக்க நஞ்சுக்கான மருந்து, மத்திய அமெரிக்கப் பாம்பு உண்டாக்கும் ரத்தக்கசிவை நன்றாகத் தடுப்பதில்லை. மருந்துப் பெட்டியின்மேல் 'குரோட்டாலஸ் டுரிசஸ்' என்று மட்டும் எழுதினால் போதுமா? 'எந்த ஊர் டுரிசஸ்?' என்று கேட்க வேண்டியிருந்தது. 2004இல் நடந்த பெயர்ப் பிரிப்பு அந்தக் கேள்விக்குப் பெருமளவு விடை கொடுத்துவிட்டது.

சைகோனும் சாவ் பாவ்லோவும்

ஒரு பாம்புக்கு ஒரு மருந்து என்ற எண்ணமே பெரிய விவாதத்தில் பிறந்ததுதான். அதன் தொடக்கம் நம் வட்டாரத்தில். பிறந்ததும் நமக்குப் போடப்பட்ட பி.சி.ஜி. தடுப்பூசியின் 'சி' யாரைக் குறிக்கிறது தெரியுமா? ஆல்பர்ட் கால்மெட் என்னும் பிரெஞ்சு மருத்துவர். 1890களின் தொடக்கத்தில் அவர் சைகோனில், அதாவது இன்றைய ஹோ சி மின் நகரில், பாஸ்டர் ஆய்வுக்கழகத்தை நிறுவினார். வெள்ளத்தில் ஒரு கிராமத்துக்குள் நாகங்கள் புகுந்து பலரைக் கடித்த சம்பவத்திற்குப் பிறகு அவர் பாம்பு நஞ்சை ஆராயத் தொடங்கினார். நாக நஞ்சைச் சிறிது சிறிதாக விலங்குக்குச் செலுத்தி, அதன் ரத்தத்தில் உருவாகும் எதிர்ப்பொருளைக் கொண்டு மருந்து தயாரித்தார். அந்த மருந்து மற்றப் பாம்புகளின் நஞ்சுக்கும் பலன் தரும் என்று அவர் நம்பினார்.

பிரேசிலில் அந்த மருந்தைச் சோதித்துப் பார்த்தார் வைட்டல் பிரேசில் என்ற மருத்துவர். ஆம், பெயரே அதுதான். 1865இல் மினாஸ் ஜெரைஸ் மாநிலத்தின் காம்பாஞா ஊரில் பிறந்ததால், நாடு, மாநிலம், ஊர் மூன்றையும் சேர்த்து அவருக்குப் பெயர் வைத்திருந்தார்கள்! கால்மெட்டின் நாக மருந்து பிரேசில் பாம்புகளின் நஞ்சுக்குப் பலன் தரவில்லை என்று அவர் கண்டார். ஜராராக்கா நஞ்சைக் கொண்டு செய்த மருந்து கிலுகிலுப்பைப் பாம்புக்கு உதவவில்லை, கிலுகிலுப்பைப் பாம்பின் மருந்து ஜராராக்காவுக்கு உதவவில்லை என்பதையும் நிரூபித்தார். எந்த நஞ்சோ அதற்குரிய மருந்துதான் என்ற கொள்கை இப்படித்தான் உறுதியானது.

1901இல் அவர் தலைமையில் தொடங்கியது புட்டன்டான் ஆய்வுக்கழகம். கொரோனா காலத்தில் சீனாவின் சினோவாக் தடுப்பூசியைப் பிரேசிலில் சோதித்த அதே கழகம். விவசாயிகள் பாம்பைப் பெட்டியில் அடைத்து ரயிலில் அனுப்புவார்கள். பதிலுக்குக் கழகம் அவர்களுக்கு நச்சுமுறி மருந்தை அனுப்பும். பாம்பும் கிடைத்தது, எந்த ஊரில் எந்தப் பாம்பு என்ற தகவலும் கிடைத்தது, கிராமத்துக்கு மருந்தும் போய்ச் சேர்ந்தது.

நஞ்சும் மருந்தாகும், வதந்தியும் பரவும்

பிரேசிலின் சாவ் பாவ்லோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் பொட்டுகாட்டு வளாகத்தில், கிலுகிலுப்பைப் பாம்பு நஞ்சின் நொதியையும் எருமை ரத்தத்தின் ஃபைப்ரினோஜெனையும் சேர்த்து, காயத்தை ஒட்டும் ஒரு 'உயிரியல் பசை' உருவாக்கப்பட்டது. ஆறாத கால் புண்களில் அதைச் சோதித்திருக்கிறார்கள்.

இதே வகையான நொதிக்கு நம் பக்கத்திலும் ஒரு கதை உண்டு. வடமலேசியாவில் வாழும் மலாயாக் குழிவிரியன் கடித்தவர்களின் ரத்தம் பல நாள்கள் உறையாமல் இருந்தும், பலருக்குப் பெரிய ரத்தப்போக்கு ஏற்படவில்லை என்பதைப் பினாங்கில் பணியாற்றிய மருத்துவர் அலிஸ்டர் ரீட் கவனித்தார். அந்தக் கவனிப்பிலிருந்துதான் 'ஆன்க்ரோட்' என்ற ரத்த உறைவுத் தடுப்பு மருந்து வந்தது.

எச்சரிக்கைக் கதையும் ஒன்று இருக்கிறது. 1986இல் அர்ஜெண்டினாவில், குரோடாக்சின் கலந்த ஊசி புற்றுநோயைக் குணப்படுத்தும் என்ற செய்தி பரவியது. முறையான சான்று இல்லாததால் அரசாங்கம் அதற்குத் தடை விதித்தது. மருந்தை வேண்டி நோயாளிகளின் குடும்பத்தினர் வீதியில் இறங்கினர். ஆய்வுக்கூடத்தில் உயிரணுவைக் கொல்லும் பொருளுக்கும் நோயாளியைக் காக்கும் மருந்துக்கும் இடையே நீண்ட தூரம் இருக்கிறது. அந்த நடைமுறைகளைத் தாண்டிக் குதித்தால், அவதிப்படுபவர்களுக்குக் கிடைப்பது பொய் நம்பிக்கை மட்டுமே.

நம் ஊர் நாகமும் இதே கதைதான்

பிரேசில் பாம்பைப் பற்றி நாம் ஏன் தெரிந்துகொள்ள வேண்டும்? நம் வீட்டு வாசலிலும் இதே கதை நடந்திருக்கிறது. ஒருகாலத்தில் இந்தியாவிலிருந்து இந்தோனீசியா வரை வாழ்ந்த நாகங்கள் அனைத்துக்கும் 'நாஜா நாஜா' என்ற ஒரே பெயர்தான். 1980களின் இறுதியிலும் 1990களிலும் அவற்றைப் பல சிற்றினங்களாகப் பிரித்துக் காட்டியவர்களில் முக்கியமானவர், கிலுகிலுப்பைப் பாம்பின் பயணத்தைக் கண்டுபிடித்த அதே வுல்ஃப்காங் வூஸ்டர்.

இன்று தமிழ்நாட்டு நல்ல பாம்பு ஒரு சிற்றினம். வடமலேசியாவில் அதிகம் காணப்படும் ஒற்றை வட்டக் குறி கொண்ட நாகம் இன்னொன்று. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் நாம் பார்க்கும் கறுப்பு நிற, நஞ்சு உமிழும் நாகம் வேறொன்று, 'நாஜா சுமத்ரானா'. மலேசிய மருத்துவமனைகள் தாய்லாந்தில் தயாராகும் நச்சுமுறி மருந்துகளைப் பயன்படுத்துகின்றன. அவை நம் நாட்டுப் பாம்புகளின் நஞ்சை எந்த அளவுக்கு முறிக்கின்றன என்பதை மலாயாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சோதித்து வந்திருக்கிறார்கள். பாம்பை அடையாளம் காண மருத்துவர்களுக்கு உதவும் நிபுணர் குழுவும் மலேசியாவில் இயங்குகிறது.

உலகச் சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டில், பாம்புக்கடியால் உலகில் ஆண்டுக்கு 81,000 முதல் 138,000 பேர் வரை இறக்கின்றனர். 2017இல் அந்நிறுவனம் பாம்புக்கடியைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்தது. இறப்பவர்களில் பெரும்பாலோர் ஏழை விவசாயிகள்.

யாரையாவது பாம்பு கடித்தால், பதற்றப்படாமல் கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் வைத்திருக்கச் செய்யுங்கள். கயிற்றால் இறுக்கிக் கட்டாதீர்கள். கீறாதீர்கள், வாயால் உறிஞ்சாதீர்கள். வலி இல்லை என்பதற்காக வீட்டில் காத்திருக்காதீர்கள். மலேசியாவில் 999, சிங்கப்பூரில் 995 என்ற எண்ணை அழையுங்கள். பாம்பைப் பிடிக்கவோ அடிக்கவோ போகாதீர்கள். பாதுகாப்பான தூரத்திலிருந்து முடிந்தால் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். அந்தப் படத்தைப் பார்த்து மருத்துவமனையில் ஒருவர் பாம்பின் பெயரைச் சொல்வார். எந்த மருந்தை எடுப்பது என்பதை அந்தப் பெயர்தான் முடிவு செய்யும்.